அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்: புரூக்ளின் நினைவில் நிற்கும் சில கணங்கள்

பேஸ்பால் பற்றித் தமிழ் கற்பிக்கும் ஒருவன் எழுதப் புகுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மட்டையைக் கையில் பிடித்தவனல்லன் நான். சிறுவயதில் ஆடிய கிட்டிப்புள்தான் எனக்குத் தெரிந்த அதன் மிக நெருங்கிய உறவு. வாய்மொழி வரலாறு பற்றி மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டி வந்தபோது, ஓர் ஊர் தன் நினைவை எப்படிச் சேமிக்கிறது, எப்படித் திருத்துகிறது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் தேடினேன். அந்தத் தேடலில் வந்து சேர்ந்த இடம் நியூயார்க்கின் புரூக்ளின். அங்கே ஓர் அணி இருந்தது. 1957-க்குப் பின் அந்த ஊரில் அது இல்லை. ஆனால் அதன் ஆட்டக் கணங்களைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓயவில்லை.

முதலில் ஊரைப் பற்றி. புரூக்ளின் 1898 வரை தனி நகரம். அவ்வாண்டு ஜனவரி முதல் நாள் அது நியூயார்க்குடன் இணைக்கப்பட்டது. நகரம் என்ற தகுதி போய்ப் பெருநகரின் ஒரு பகுதி என்றானபின், ஆற்றுக்கு அக்கரையில் வானளாவ நின்ற மன்ஹாட்டனைப் பார்த்து எழுந்த தாழ்வுணர்வும் வீம்பும் அந்த மக்களிடம் சேர்ந்தே வளர்ந்தன. அவர்கள் அணியின் பெயர் 'டாட்ஜர்ஸ்'. தெருவில் பாயும் டிராம் வண்டிகளுக்கு ஒதுங்கி ஓடுகிறவர்கள் என்று புரூக்ளின்வாசிகளைக் கேலி செய்த பெயர் அது. கேலியையே பட்டமாகச் சூடிக்கொண்டது ஊர். 1913-இல் திறக்கப்பட்ட எபெட்ஸ் ஃபீல்ட் என்ற சிறிய மைதானம் அவர்களுடைய கோயில். இத்தாலியர், யூதர், ஐரிஷ்காரர், கறுப்பினத்தவர் எல்லாரும் அங்கே தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி மாட்டுமணி ஒன்றைக் கொண்டுவந்து ஆட்டம் முழுதும் குலுக்கிக்கொண்டிருப்பார். ஆட்டக்காரர்களுக்கு நிகராக அவரையும் ஊர் அறிந்திருந்தது.

ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதுரமாக நான்கு தளங்கள். மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு மூன்று தளங்களையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் அணியின் முறை முடியும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளிலும் முதலிடம் பெறும் அணிகள் அக்டோபர் வாக்கில் மோதுவது உலகத் தொடர். புரூக்ளின் அணி 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 என ஏழு முறை அந்தத் தொடருக்குச் சென்று ஏழு முறையும் தோற்றது. கடைசி ஐந்து தோல்விகளும் அதே நகரத்தின் செல்வ அணியான யாங்கீஸிடம். "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்" என்பது புரூக்ளின் மக்களின் வாடிக்கையான வாசகமாயிற்று.

ஆகவே அந்த ரசிகர்கள் பகிர்ந்துகொண்ட நினைவுகளில் பெரும்பங்கு தோல்வியின் நினைவுகள். 1941 அக்டோபர் 5, நான்காவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ். புரூக்ளின் 4-3 என முன்னிலை. எதிரணியில் இருவர் ஆட்டமிழந்தாயிற்று. டாமி ஹென்ரிச் மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டார். அது மூன்றாவது முறை. ஆட்டம் முடிந்தது என்று கூட்டம் எழுந்தது. ஆனால் பின்னால் நின்ற கேட்சர் மிக்கி ஓவனின் கையுறையிலிருந்து பந்து நழுவி ஓடியது. அப்படி நழுவினால் மட்டையாளர் முதல் தளத்துக்கு ஓடலாம் என்பது விதி. ஹென்ரிச் ஓடினார். அந்த ஒரு நழுவலின் பின்னால் யாங்கீஸ் நான்கு ஓட்டங்கள் எடுத்து 7-4 என வென்றது. மறுநாள் தொடரும் கைவிட்டுப் போயிற்று. ஓவன் அந்த ஆண்டு தேர்ந்த கேட்சர்களுள் ஒருவர். ஊரின் நினைவில் நின்றதோ அந்த ஒரு பந்து மட்டுமே.

1947-இன் நினைவுகள் வேறு வகை. அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் எபெட்ஸ் ஃபீல்டில் களமிறங்கினார். பெரிய லீகுகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அறுபதாண்டுகளாக மூடிக்கிடந்த கதவு அன்று திறந்தது. இதைப் புரூக்ளினின் பெருந்தன்மை என்று பின்னாளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அணிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. ஊரின் செல்லப்பிள்ளையாகக் கொண்டாடப்பட்ட டிக்ஸி வாக்கர் தம்மை வேறு அணிக்கு மாற்றிவிடும்படி கடிதம் எழுதினார். வாக்கருக்குக் கைதட்டிய அதே கைகள்தாம் ராபின்சனுக்கும் தட்டின. நினைவு இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மெல்ல நழுவவிடும். வரலாறு இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

அவ்வாண்டு உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் யாங்கீஸின் பந்தெறிபவர் பில் பெவன்ஸ், ஒன்பதாவது இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழக்கும் வரை புரூக்ளினுக்கு ஒரு நல்ல அடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. உலகத் தொடரில் அதுவரை எவரும் செய்யாத சாதனைக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் பாக்கி. மாற்று ஆட்டக்காரராக வந்த குக்கி லாவஜெட்டோ அடித்த பந்து வலப்பக்கச் சுவரில் மோதித் திரும்பியது. தளங்களில் நின்ற இருவரும் ஓடிவர, புரூக்ளின் 3-2 என வென்றது. இரண்டு நாள் கழித்து ஆறாவது ஆட்டத்தில், ஜோ டிமாஜியோ அடித்த நெடும்பந்தை அல் ஜியோன்ஃப்ரிடோ என்ற சிறிய உருவத்தவர் வேலியோரம் ஓடிப் பிடித்தார். உணர்ச்சியை வெளிக்காட்டாத டிமாஜியோ அன்று தரையை உதைத்தார். தொடரை வென்றது யாங்கீஸ்தான். பெவன்ஸ், லாவஜெட்டோ, ஜியோன்ஃப்ரிடோ மூவரும் அந்தத் தொடருக்குப் பின் பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தச் சில நாள்களோடு விடைபெற்றுப் போனவர்கள், ஆண்டுக்கணக்கில் ஆடிய பலரைக் காட்டிலும் நீண்ட காலம் பேச்சில் வாழ்ந்தார்கள்.

நினைவுக்கும் உண்மைக்குமான வழக்கு முற்றியது 1951-இல். ஆகஸ்டில் புரூக்ளின் அணி, மன்ஹாட்டனின் ஜயன்ட்ஸ் அணியைவிடப் பதின்மூன்று ஆட்டங்களுக்கு மேல் முன்னிலையில் இருந்தது. அந்த இடைவெளி கரைந்து, இருவரும் சமநிலையில் நின்று, லீகின் முதலிடத்துக்கான மூன்றாவது தீர்வாட்டம் அக்டோபர் 3 அன்று போலோ கிரவுண்ட்ஸில் நடந்தது. கடைசி இன்னிங்ஸ் தொடங்கியபோது புரூக்ளின் 4-1. அது 4-2 ஆகி, தளங்களில் இருவர் நிற்கையில், 13 என்ற எண் பொறித்த சட்டையணிந்த ரால்ஃப் பிராங்கா பந்தெறிய வந்தார். பாபி தாம்சன் அடித்த பந்து இடப்பக்கக் கூட்டத்துக்குள் விழுந்தது. ஹோம் ரன். 5-4. வானொலி வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ் ஜயன்ட்ஸ் வென்றது என்பதையே திரும்பத் திரும்பக் கூவினார். அந்தக் குரல் இன்று நமக்குக் கேட்பதற்குக் காரணம், வேலைக்குப் போக வேண்டியிருந்த ஒரு ரசிகர், கடைசிக் கட்டத்தை ஒலிநாடாவில் பதியும்படி தம் தாயாரிடம் சொல்லிவிட்டுப் போனதுதான்.

அன்று மைதானத்துக்கு வந்தவர்கள் 34,320 பேர். இன்னும் இருபதாயிரம் பேருக்கு இடமிருந்தது. வீட்டில் வானொலி முன்னால் உட்கார்ந்து கேட்டதுகூட, ஆண்டுகள் செல்லச் செல்ல நேரில் கண்டதாக மாறிவிடுவது மனித இயல்பு. இதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்ட கதையைக் கண்டதாகச் சொல்லும் பாட்டிகளிடம் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் 2001-இல் வேறொரு செய்தி வெளியாயிற்று. ஜயன்ட்ஸ் அணியினர் மைதானத்தின் நடுக்கோடியில் இருந்த தம் அறையில் தொலைநோக்கி வைத்து, எதிரணிக் கேட்சரின் விரல் சைகைகளைப் படித்து, மணியொலி மூலம் தம் ஆட்டக்காரர்களுக்குத் தெரிவித்து வந்தார்கள் என்பது அப்போது பங்கேற்றவர்கள் வாயாலேயே உறுதியானது. அந்தப் பந்து எப்படி வரும் என்று தமக்கு முன்கூட்டித் தெரியாது என்றே தாம்சன் சொன்னார். பிராங்காவோ இந்தச் சங்கதியை 1954-லேயே கேள்விப்பட்டிருந்தும் பல்லாண்டுகள் பொதுவெளியில் வாய் திறக்கவில்லை. இருவரும் நண்பர்களாகி, அந்தப் படத்தில் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள். உண்மை வெளிவந்த பின்னும் அந்த ஹோம் ரன் ரசிகர்களின் நினைவிலிருந்து அகலவில்லை. அதன் பக்கத்தில் ஒரு சந்தேகமும் வந்து அமர்ந்துகொண்டது, அவ்வளவே.

இறுதியாக 1955. முதல் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், மூன்றாம் தளத்தில் நின்ற ராபின்சன், பந்தெறிபவர் கையை உயர்த்திய கணத்தில் புறப்பட்டு வீட்டுத்தளத்தை நோக்கிப் பாய்ந்தார். வயது 36. கேட்சர் யோகி பெரா பந்தோடு அவரைத் தொட்டார். நடுவர் பில் சம்மர்ஸ் ஓட்டம் செல்லும் என்றார். பெரா துள்ளிக் குதித்துச் சண்டையிட்டார். 2015-இல் இறக்கும் வரை ராபின்சன் ஆட்டமிழந்தார் என்றே சொல்லி வந்தார். அந்த ஆட்டத்தில் புரூக்ளின் 6-5 எனத் தோற்றது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பாய்ச்சலை எவரும் மறக்கவில்லை.

ஏழாவது ஆட்டம், அக்டோபர் 4, யாங்கீ ஸ்டேடியம். புரூக்ளின் 2-0. ராபின்சன் அன்று ஆடவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன் கியூபாவிலிருந்து வந்த சாண்டி அமோரோஸை இடப்பக்கக் களத்துக்கு அனுப்பினார். யாங்கீஸின் இருவர் தளங்களில் நிற்க, ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. பெரா அடித்த பந்து இடக்கோட்டை ஒட்டி வளைந்து சென்றது. அமோரோஸ் நெடுந்தூரம் ஓடி வந்து, வேலியருகே வலக்கையை நீட்டினார். அவர் இடக்கைக்காரர், ஆகவே கையுறை வலக்கையில். மற்றவராயிருந்தால் உடலைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். பந்து கையுறையில் சிக்கியது. அங்கிருந்து பீ வீ ரீஸுக்கு, ரீஸிடமிருந்து முதல் தளத்துக்கு. திரும்ப முடியாமல் இன்னொருவரும் ஆட்டமிழந்தார். இருபத்து மூன்று வயது ஜானி பாட்ரஸ் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார். வர்ணனையாளர் வின் ஸ்கல்லி புரூக்ளின் உலக வாகையர் என்று ஒரே வாக்கியம் சொல்லி நிறுத்திக்கொண்டார். இன்னொரு சொல் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன் என்று பின்னர் விளக்கினார்.

இரண்டே ஆண்டுகள். புதிய மைதானத்துக்கு நிலம் பற்றிய பூசலில், உரிமையாளர் வால்டர் ஓமாலி அணியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனார். 1957 செப்டம்பர் 24 அன்று எபெட்ஸ் ஃபீல்டின் கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 6,702 பேர் மட்டுமே. 1960 பிப்ரவரியில் மைதானத்தை இடிக்க வந்த இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் போலவே வண்ணம் பூசியிருந்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.

வரலாற்றாசிரியர் டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின் 1997-இல் எழுதிய நினைவு நூலில் ஒரு செய்தி வருகிறது. சிறுமியான அவருக்கு ஆட்டத்தைக் குறிப்பேட்டில் பதியும் முறையைத் தந்தை கற்றுக்கொடுத்தார். பகலில் வானொலியில் கேட்டதை மாலையில் வேலையிலிருந்து திரும்பும் தந்தைக்குப் பந்து பந்தாகச் சொல்வார் மகள். மறுநாள் செய்தித்தாளில் எல்லாம் வந்துவிடும் என்பதைத் தந்தை சொல்லவேயில்லை. தான் சொல்லாவிட்டால் அந்த ஆட்டமே அவருக்குக் கிடைக்காது என்று மகள் நம்பினாள். வரலாறு சொல்லக் கற்றது அங்கேதான் என்கிறார் குட்வின்.

அணி போனபின் புரூக்ளின் மக்களுக்கும் அந்த மகளின் நிலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்வதற்கு அவர்கள் இல்லையென்றால் நடந்தது இல்லாமல் போய்விடும் என்ற அச்சம் அவர்களைப் பேசவைத்தது. அந்தப் பேச்சில் பிழைகள் உண்டு; அவற்றைத் திருத்துவது நம் வேலை. ஆனால் பேசுகிறவரை நிறுத்துவது நம் வேலையன்று.

அமோரோஸ் கியூபாவுக்குத் திரும்பினார். தேசிய அணியை நடத்தும்படி காஸ்ட்ரோ கேட்டதை அவர் மறுக்க, உடைமைகள் பறிபோயின. 1967-இல் வறியவராக அமெரிக்கா வந்து சேர்ந்தார். ஓய்வூதியத்துக்குச் சில நாள்கள் குறைந்ததால், டாட்ஜர்ஸ் நிர்வாகம் அந்த நாள்களுக்கு மட்டும் அவர் பெயரை அணிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நோயில் ஒரு காலை இழந்து, 1992-இல் இறந்தார். 1955 அக்டோபர் 4 அன்று அந்தக் கால்கள் ஓடிய தூரத்தை எபெட்ஸ் ஃபீல்டின் பழைய ரசிகர்கள் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.