கருவிழி வரைபடச் சோதனை

லேசிக் முதலான லேசர் கண் அறுவைக்கு முன்னர், கருவிழியின் வளைவையும் தடிமனையும் இடத்துக்கு இடம் அளந்து வண்ணப்படமாகத் தரும் சோதனை. நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே தடிமனுள்ள இப்படலத்தை லேசர் செதுக்கி மெலியச் செய்தே பார்வைக் குறையைத் திருத்துவதால், அறுவை யாருக்குக் கூடாது என்பதைக் கண்டறிவதே இச்சோதனையின் தலையாய பணியாகும்.

1619இல் கிறிஸ்டோஃப் ஷைனர், கருவிழியில் தெரியும் பிம்பத்தின் அளவைப் பல அளவுள்ள கண்ணாடிக் குண்டுகளில் தெரியும் பிம்பத்தோடு ஒப்பிட்டு வளைவை மதிப்பிட்டார். 1880இல் போர்ச்சுகல் மருத்துவர் அந்தோனியோ பிளாசிடோ, கறுப்பும் வெள்ளையுமான வட்டங்கள் ஒன்றினுள் ஒன்றாக வரையப்பட்ட தட்டை நோயாளியின் கண்ணெதிரே பிடித்து, அதன் நடுத்துளை வழியே கருவிழியில் விழும் வளையங்களை நோக்கினார். வளையங்கள் நெருங்கிய இடம் செங்குத்தான வளைவுடையது, விலகிய இடம் தட்டையானது. 1980களில் ஸ்டீபன் கிளைஸ் இவ்வளையங்களைக் கணினியால் கணக்கிட்டு, செங்குத்தான பகுதிக்குச் சிவப்பும் தட்டையான பகுதிக்கு நீலமுமாக வண்ணம் தந்தார்.

வளையப் பிம்பம் முன்பரப்பை மட்டுமே காட்டும். கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும் கெரட்டோகோனஸ் நோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் பின்பரப்பிலேயே தலைகாட்டும். லேசிக்குக்குப் பின் கருவிழி பிதுங்கிய நேர்வுகளை 1998இல் தியோ சைலர் குழுவினர் வெளியிட்டது, பின்பரப்பையும் அளக்கவேண்டிய தேவையை வலுவாக உணர்த்தியது. வான்வழி நில அளவைப் படங்களுக்காக ஆஸ்திரியப் படை அலுவலர் தியோடர் ஷைம்ஃப்ளுக் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்படுத்திய ஒளிப்பட நெறியே இதற்கும் கைகொடுத்தது. அந்நெறிப்படி சுழன்று படமெடுக்கும் பென்டாகேம் கருவி இரு பரப்புகளையும் தடிமனையும் ஒருங்கே தருகிறது.

கெரட்டோகோனஸ் பெரும்பாலும் பதின்வயதிலும் இருபதுகளிலும் தோன்றுவது. சென்னையை அடுத்த படப்பை, ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் இளைஞர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட விரும்பும் பருவமும் அதுவே என்பதால், இச்சோதனையைக் கட்டணத்தைக் கூட்டும் சடங்காகக் கருதுவது பெரும் தவறு. கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவைத் தற்காலிகமாக மாற்றிவிடுமாகையால், சோதனைக்குமுன் மென்லென்ஸை ஒன்றிரண்டு வாரமும் கடினலென்ஸை அதனினும் நீண்ட காலமும் தவிர்க்கச் சொல்வது வழக்கம்.

நோய் உறுதியானால், ரைபோஃப்ளேவின் சொட்டுமருந்தும் புறஊதா ஒளியும் கொண்டு கருவிழியை இறுகச் செய்யும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை உண்டு. வழக்கமான முறைக்கு 400 மைக்ரான் தடிமன் வேண்டும். அதனினும் மெலிந்த கண்களுக்காக, அம்மருந்தில் ஊறிய மென்லென்ஸைக் கருவிழிமேல் வைத்துத் தடிமனை ஈடுசெய்யும் முறையைச் சென்னையைச் சேர்ந்த சூசன் ஜேக்கப் குழுவினர் 2014இல் வெளியிட்டனர்.