தலைக்கரமும் குடியுரிமையும்: தென் திருவிதாங்கூர்

தலைக்கரம் என்பது திருவிதாங்கூர் அரசில் பிறப்பை அடிப்படையாகக் கொண்டு ஆள்வீதம் தண்டப்பட்ட வரி. கரம் என்றால் வரி. நாடார், ஈழவர் முதலிய சாதியினர் இதைச் செலுத்தினர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரில் இவ்வரியும், அதனுடன் சேர்ந்த கூலியற்ற ஊழியமும், உடைக்கட்டுப்பாடும் 19-ஆம் நூற்றாண்டின் சமூகப் போராட்டங்களுக்குக் காரணமாக அமைந்தன. வரியை நீக்கக் கோரித் தொடங்கிய அப்போராட்டங்கள், வரி கட்டுபவருக்கு அரசில் உரிமை வேண்டும் என்ற கோரிக்கையாக வளர்ந்து, 1948-ல் அனைவருக்கும் வாக்குரிமை என்ற நிலையை அடைந்தன.

நிலமும் கொட்டாரமும்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு வட்டங்களும் சேர்ந்த பகுதி நாஞ்சில்நாடு. பழையாற்றுப் பாசனத்தால் விளையும் நெல் இதன் செல்வம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலையில், அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் உள்ள ஊர் கொட்டாரம். கொட்டாரம் என்ற சொல்லுக்குத் தமிழில் நெற்களஞ்சியம் என்றும் அரசரின் தங்குமனை என்றும் பொருளுண்டு. மலையாளத்தில் அது அரண்மனையைக் குறிக்கும். களஞ்சியத்துக்கும் அரண்மனைக்கும் ஒரே சொல் வழங்குவது பழைய வரிமுறையை நினைவூட்டுகிறது. வயலில் விளைந்ததில் அரசின் பங்கு நெல்லாகவே வந்து சேர்ந்த காலம் அது.

வரிக்கு எதிரான குரல் நாஞ்சில்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்பே எழுந்திருக்கிறது. மதுரை நாயக்கர் படைகள் பலமுறை இப்பகுதிக்குள் புகுந்து கொள்ளையிட்டன. வேணாட்டு அரசின் அதிகாரிகளும் வரி கேட்டு நெருக்கினர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில்நாட்டு நாட்டார் ஒன்றுகூடி, வழக்கமான வரிக்கு மேல் கொடுப்பதில்லை என்றும், அதிகாரிகள் ஒருவரைத் துன்புறுத்தினால் அனைவரும் சேர்ந்து எதிர்ப்பது என்றும் முடிவு செய்தனர். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் அக்கால நாஞ்சில்நாட்டு வாழ்க்கையை அறிய உதவும் முதன்மையான ஆவணங்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவற்றின் முக்கியத்துவத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர். பிற்காலத்தில் அ.கா.பெருமாள் அவற்றை விரிவாக ஆராய்ந்தார்.

நாட்டார் கூட்டம் நிலவுடைமையாளர்களின் கூட்டம். வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கு அதில் இடமில்லை. அதே முதலியார் ஓலைகளில் மனிதர்களை அடிமைகளாக விற்றதும் ஒற்றி வைத்ததும் பதிவாகியிருக்கின்றன. வரிக்கு எதிராகக் கூடிப் பேசும் உரிமை அன்று நிலம் உள்ளவருக்கே இருந்தது.

பெருகிய வரிச்சுமை

மார்த்தாண்ட வர்மா (ஆட்சிக்காலம் 1729-1758) சிறு சிறு நாடுகளை வென்று திருவிதாங்கூரை விரிவாக்கினார். நிலையான படையும் கோட்டைகளும் பெருகின. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து கடற்கரையிலுள்ள வட்டக்கோட்டை வரை தெற்கு எல்லையில் அரண் அமைந்தது. திப்பு சுல்தானுடனான போருக்குப்பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதுகாப்பை நாடிய திருவிதாங்கூர், அதற்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருந்தது. 1805-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இத்தொகை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். கட்ட முடியாத நிலையும் ரெசிடெண்ட் மெக்காலேயின் நெருக்கடியும் திவான் வேலுத்தம்பி 1809-ல் கிளர்ச்சி செய்ய முக்கியமான காரணங்கள். கிளர்ச்சி தோற்றது, கப்பம் தொடர்ந்தது.

இப்பணம் குடிகளிடமிருந்தே வந்தது. மிளகு, புகையிலை, உப்பு ஆகியவற்றின் வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்தது. நிலவரிக்கு அப்பால் பனைமரம், வலை, படகு, தறி என்று தொழிற்கருவிகள் மீது பலவகைச் சில்லறை வரிகள் இருந்தன. கோயில் நிலங்களும் பிராமணர் நிலங்களும் பெரும்பாலும் வரிச்சலுகை பெற்றவை. ஆகவே நிலமில்லாதவர்கள் மீது சுமை கூடியது.

தலைக்கரமும் முலைக்கரமும்

நிலவரி நிலத்தின் மீதும், சுங்கம் பொருளின் மீதும் விதிக்கப்பட்டது. தலைக்கரம் மட்டும் ஆளின் மீது விதிக்கப்பட்டது. பனையேறி கருப்புக்கட்டி காய்ச்சுபவருக்கு அந்த ஆண்டு வருமானம் இருந்ததா இல்லையா என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. அவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதே கணக்கு. தாழ்த்தப்பட்ட நிலையின் அடையாளமாகவும் அவ்வரி இருந்தது.

ஆண்களிடம் தண்டப்பட்டது தலைக்கரம் என்றும், பெண்களிடம் தண்டப்பட்டது முலைக்கரம் என்றும் அழைக்கப்பட்டன. மார்பை மறைப்பதற்கு விதிக்கப்பட்ட கட்டணமே முலைக்கரம் என்ற விளக்கம் இன்று பரவலாக உள்ளது. சேர்த்தலையைச் சேர்ந்த நங்கேலியின் வாய்மொழிக் கதை அதற்கு வலுவூட்டியது. ஆனால் அது பெண்பாலைக் குறிக்க ஏற்பட்ட பெயர் மட்டுமே என்றும், மேலாடைக்கும் அவ்வரிக்கும் நேரடித் தொடர்பில்லை என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். மேலாடைத் தடை வரியாக இருக்கவில்லை, சாதி வழக்கமாகவும் அரசாணையாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால் கொடுமை குறைந்துவிடுவதில்லை. ஒன்றில் பணம் பறிக்கப்பட்டது, மற்றொன்றில் மானம் பறிக்கப்பட்டது.

பணத்தைவிடப் பெரிய சுமை ஊழியம். கோயில்களுக்கும் பிராமணர்களுக்கு இலவச உணவளித்த ஊட்டுப்புரைகளுக்கும் விறகும் ஓலையும் காய்கறியும் கொண்டு சேர்ப்பது, உப்பு சுமப்பது, அதிகாரிகளின் சுமைகளைத் தூக்குவது ஆகியவை கூலியின்றிச் செய்யவேண்டிய வேலைகள். எந்தக் கோயிலுக்குச் சுமை தூக்கினார்களோ அதன் தெருவில் அவர்கள் நடக்க முடியாது.

அடிமைகளாக இருந்த புலையர், பறையர் நிலை இதற்கும் கீழே. அவர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர். 1812-ல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வணிகத்தைத் தடை செய்தார். அடிமைமுறை முழுமையாக ஒழிக்கப்பட்டது 1855-ல்தான்.

மயிலாடியும் சாமிதோப்பும்

எதிர்ப்பின் இரு மையங்கள் கொட்டாரத்துக்கு அருகிலேயே உருவாயின. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூருக்குச் சென்று கிறிஸ்தவரானார். அவருடைய அழைப்பின் பேரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். 1809-ல் அங்கே ஆலயம் அமைந்தது. மிஷன் பள்ளிகள் வழியாக எழுத்தறிவு வந்தது. எழுத்தறிவோடு மனு எழுதும் பழக்கமும் வந்தது. ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் அணியும் அனுமதி பெற்றனர். 1829 பிப்ரவரி 3-ஆம் நாள் அரசாணை குப்பாயத்தை அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணிவதைத் தடுத்தது. கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியத்துக்கு அழைக்கக்கூடாது என்றும் கூறியது. மற்ற நாட்களில் ஊழியம் தொடர்ந்தது.

மதம் மாறியவருக்கு ஒரு சலுகை, மாறாதவருக்கு இல்லை என்ற நிலையில் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) எழுந்தார். கூலியற்ற ஊழியத்தையும் பிறப்பின் பேரிலான வரியையும் அநீதி என்றார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையுடன் வழிபடச் செய்தார். எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்று நீரைப் பயன்படுத்தினர், சேர்ந்து உண்டனர். சுவாதித் திருநாள் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்து 1839-ல் விடுவித்தது. அய்யாவழியின் நூலான அகிலத்திரட்டு அம்மானை, அரசன் விதித்த வரிகளையும் ஊழியங்களையும் வரிசைப்படுத்துகிறது. வரி கட்டியவர்களின் தரப்பிலிருந்து எழுதப்பட்டது என்பதால் வரலாற்று நோக்கிலும் அது முக்கியமான நூல்.

1859 அரசாணை

1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் நாகர்கோவிலைச் சுற்றிய ஊர்களில் மோதல்கள் நிகழ்ந்தன. சந்தைகளில் பெண்களின் தோள்சீலைகள் கிழிக்கப்பட்டன. வீடுகளும் ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. மிஷனரிகளின் முறையீடும் சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் அழுத்தமும் சேர்ந்து அரசை அசைத்தன. 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் வெளியிட்ட ஆணை, நாடார் பெண்கள் அனைவரும், எந்த மதத்தவராயினும், குப்பாயம் அணியவோ முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணியால் மார்பை மறைக்கவோ தடையில்லை என்றது. உயர்சாதிப் பெண்களைப் போல அணிவதற்கான தடையை அப்போதும் விலக்கவில்லை.

அதே காலத்தில் திவானான டி.மாதவராவ் அரசின் வணிகத் தனியுரிமைகளையும் சில்லறை வரிகளையும் படிப்படியாக நீக்கினார். 1865-ஆம் ஆண்டின் பட்டம் விளம்பரம் அரசு நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்களுக்கு அந்நிலத்தின் மீது விற்கவும் ஈடுவைக்கவும் உரிமை அளித்தது. பிறப்பின் மீதான வரி மறைந்து, உடைமையின் மீதான வரி முதன்மை பெற்றது.

வரி கட்டியவரின் கேள்வி

வரி நீங்கினாலும் உரிமை தானாக வரவில்லை. 1888-ல் சட்டமன்றமும் 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் அமைந்தன. ஆனால் அங்கே இடம்பெறுவதற்கான தகுதி கட்டிய நிலவரியை ஒட்டியே கணக்கிடப்பட்டது. நிலமில்லாதவரின் குரல் நியமனம் வழியாகவே உள்ளே வர முடிந்தது. அய்யன்காளி அவ்வாறு நியமிக்கப்பட்டவர்.

இன்னொரு சிக்கல் கோயில்கள் தொடர்பானது. மன்றோ காலத்தில் 348 பெரிய கோயில்கள் அரசின் நிர்வாகத்துக்கு வந்தன. கோயில் நிர்வாகமும் நிலவரி வசூலும் ஒரே துறையில் இருந்தன. கோயிலுக்குள் நுழையக்கூடாதவர்கள் என்பதைக் காரணம் காட்டி ஈழவர், நாடார், தலித்துகள், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகியோருக்கு அத்துறையில் வேலை மறுக்கப்பட்டது. வரியை வாங்கும் கை தீண்டாமை பார்ப்பதில்லை, வேலை கொடுக்கும் கை மட்டும் ஏன் பார்க்கிறது என்பதே 1919-ல் தொடங்கிய குடியுரிமைக் கிளர்ச்சி எழுப்பிய கேள்வியின் சாரம். 1922-ல் நிலவரித்துறையிலிருந்து தேவஸ்வம் தனியாகப் பிரிக்கப்பட்டது.

அடுத்த கேள்வி சாலைகளைப் பற்றியது. கொட்டாரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் வழியில் இருப்பது சுசீந்திரம். அங்கே தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்க முடியாது. வைக்கம் சத்தியாகிரகத்தைத் தொடர்ந்து 1926-ல் எம்.இ.நாயுடு முதலியோர் சுசீந்திரம் சத்தியாகிரகத்தை நடத்தினர். அனைவரின் பணத்திலும் அமைந்த பொதுவழி அனைவருக்கும் உரியது என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. 1936 நவம்பர் 12-ல் ஆலயப்பிரவேச அறிவிப்பு வந்தது.

வரியிலிருந்து விடுபட்ட வாக்கு

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்துத் தேர்தல் நடந்தது. இந்தியப் பொதுத்தேர்தலுக்கு ஏறத்தாழ 4 ஆண்டுகள் முன்பே இது நிகழ்ந்தது. வாக்களிக்க வரி ரசீது தேவைப்படவில்லை. அத்தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. மார்ஷல் நேசமணி முதலியோர் முன்னெடுத்த இணைப்புப் போராட்டம் 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூட்டைக் கடந்து, 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைவதில் முடிந்தது. தங்கள் எண்ணிக்கையைத் தங்கள் குரலாக மாற்றும் வாய்ப்பு வாக்குரிமையால் கிடைத்தது.

ஒரே அளவும் சம அளவும்

பிறப்பைப் பார்க்காத வரி எல்லாம் நேர்மையான வரி ஆகிவிடுமா என்ற கேள்வி பிறகு எழுந்தது. 1946-ல் திருவிதாங்கூரில் நிலவரி எளிமையாக்கப்பட்டு, எல்லா நிலத்துக்கும் ஏக்கருக்கு ஒரே அடிப்படை வரி விதிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1955-ல் வந்த திருவிதாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டம் கேரளம் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டு, ஏக்கருக்கு 2 ரூபாய் என்று நிர்ணயித்தது. நன்செய்க்கும் பாறைக்கும் காட்டுக்கும் ஒரே வரி. மலபாரில் காட்டு நிலம் வைத்திருந்த மூப்பில் நாயர் ஆண்டுக்கு 3,100 ரூபாய் வருமானம் தரும் காட்டுக்கு ஏறக்குறைய 54,000 ரூபாய் வரி கட்ட வேண்டியிருப்பதாக வழக்கு தொடுத்தார். 1961-ல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. சமமற்றவர்கள் மீது ஒரே அளவில் வரி விதிப்பது அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்பது அத்தீர்ப்பின் மையக்கருத்து. வழக்கு தொடுத்தவர் பெருநிலக்கிழார். ஆயினும் தீர்ப்பின் கொள்கை எளியவருக்கும் பொருந்துவது.

மதிப்பீடு

தலைக்கரத்தின் வரலாறு வரிக்கும் குடியுரிமைக்கும் உள்ள உறவை மூன்று படிகளில் காட்டுகிறது. முதல் படியில் பிறப்பால் வரி விதிக்கப்பட்டது, கட்டியவருக்கு எந்த உரிமையும் இல்லை. இரண்டாம் படியில் வரி கட்டியவர் அதைக் காட்டி உரிமை கேட்டார். இது வலுவான வாதம்தான். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. வரி கட்டுவதால்தான் உரிமை என்றால் கட்ட ஏதுமற்றவருக்கு உரிமை இல்லை என்றாகும். பிரஜா சபையின் தகுதிமுறை அதையே சொன்னது. மூன்றாம் படியில் உரிமை வரியிலிருந்து பிரிந்தது. மனிதர் என்பதே தகுதி ஆயிற்று.

இன்று வரி கட்டுவோர் பணத்தில் பிறர் வாழ்வதாக ஒரு பேச்சு உண்டு. வருமானவரி கட்டுபவரை மட்டுமே வரி கட்டுபவராகக் கொள்ளும் பார்வை அது. வருமானவரி வரம்புக்குள் வராத பனைத்தொழிலாளியும் மீனவரும் சோப்பு வாங்கும்போதும் செல்பேசிக்குப் பணம் போடும்போதும் சரக்கு மற்றும் சேவை வரி கட்டுகிறார்கள். அவ்வரி வாங்குபவரின் வருமானத்தைக் கேட்பதில்லை. வரி கட்டாத குடிமகன் அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. அன்று அவர்கள் கட்டியது கணக்கில் எழுதப்பட்டது, அவர்களின் பெயர் உரிமைப்பட்டியலில் எழுதப்படவில்லை. அந்தப் பட்டியலில் இடம்பெற அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.