சாவோரே ஆசான்கள்

மனித உடலின் எலும்புகளையும் நரம்புகளையும் மருத்துவ மாணவருக்குக் கற்பிக்க நூல்கள் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. சாகும் மனிதரின் அருகே அமர்வதை அவர்களுக்குக் கற்பிப்பவர் யார்? இவ்வினாவோடு வரலாற்றைப் புரட்டும் நாம், 1965-ஆம் ஆண்டின் சிகாகோ நகரில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டில் இறையியல் மாணவர் நால்வர், சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையின் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அம்மையாரை நாடி வந்தனர். மனித வாழ்வின் நெருக்கடிகளை ஆராய முற்பட்ட அவர்கள், அவற்றுள் பெரியது சாவே எனக் கண்டிருந்தனர். சாவைப் பற்றிச் சாவோரையே கேட்பது என முடிவாயிற்று.

அம்மையார் வார்டு வார்டாக ஏறி இறங்கினார். மருத்துவர் சிலர் சினந்தனர். சிலர், தம் பொறுப்பில் சாகும் நிலையில் எவருமே இல்லை என்றனர். இறுதியில் முதியவர் ஒருவர் இசைந்தார். அப்போதே அமர்ந்து பேசுமாறு அவர் ஆவலோடு வேண்டினார். அம்மையாரோ, மறுநாள் மாணவரோடு வருவதாகச் சொல்லிச் சென்றார். மறுநாள் முதியவருக்குப் பேச வலுவில்லை. முயன்றதற்கு நன்றி கூறினார். ஒரு மணி நேரத்துக்குள் உயிர் நீத்தார். இத்தவற்றை அம்மையார் மறைக்கவில்லை. சாவு குறித்து 1969-இல் வெளியிட்ட நூலில் தாமே எழுதிவைத்தார்.

அதன்பின் வகுப்பு வளர்ந்தது. நோயாளரும் அம்மையாரும் உரையாடுவர். ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அப்பால் மாணவர் அமர்ந்து கேட்பர். நோயாளர் சென்றபின், தம் உள்ளத்தில் எழுந்த அச்சத்தையும் கலக்கத்தையும் மாணவர் பகிர்ந்துகொள்வர். மருத்துவர்கள் தயங்கியபோதும், நோயாளரில் பெரும்பாலோர் விரும்பியே பேசினர். இரண்டே ஆண்டுகளில் இவ்வகுப்பு, மருத்துவ மாணவருக்கும் இறையியல் மாணவருக்கும் முறையான பாடமாயிற்று.

அம்மையார் வகுத்த ஐந்து படிநிலைகளே இன்று பரவலாக நினைவுகூரப்படுகின்றன. ஆனால் எல்லாரும் அவ்வரிசையிலேயே அவற்றைக் கடப்பதில்லை எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். அவரது வகுப்பறை தந்த பாடமோ பழுதுபடவில்லை: நோயாளர் ஆசானாக, மருத்துவர் மாணவராக அமரும்போதே பரிவு பிறக்கிறது.

அப்பாடம் மருத்துவருக்கு மட்டும் உரியதா? நம் இல்லங்களிலும் நோயுற்ற முதியோர் நம்மைச் சற்று அமரச் சொல்கின்றனர். நாமோ வேலையைக் காட்டி, நாளை வருவதாகச் சொல்கிறோம். சிகாகோ முதியவருக்கு அந்த நாளையில் பேச வலுவிருக்கவில்லை. இன்றே அமர்வோம்.