வீரம் வீட்டுக்குள்ளும் உண்டு

நடுவர் அவர்களே! குற்றாலச் சாரல் முகத்தில் அடிக்கிற இந்த ஆனி மாதத்தில் தென்காசியில் கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

நாட்டுக்காகப் பெரிய தியாகம் செய்தவர்கள் களத்துக்குப் போன ஆண்களே என்று எதிரணி நண்பர் முழங்கினார். முழங்கும்போதே, வீட்டு அம்மா எந்த வரிசையில் உட்கார்ந்திருக்காங்க என்று ஒரு கண் பார்த்துக்கொண்டார். (சிரிப்பு)

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செங்கோட்டை. அந்த ஊர் வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். அந்த நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தோம். சரி, அவர் மனைவி பெயர் என்ன? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்... பத்துக் கைகூட இல்லையே! பொன்னம்மாள், ஐயா, பொன்னம்மாள். கணவருக்கு அது சில நிமிடம். அந்த அம்மாவுக்கோ மீதி ஆயுள் முழுவதும். அரசாங்க ஏட்டில் கணவர் கொலைகாரர். ஊர் வழக்கத்தில் விதவைக்கு நல்ல காரியத்தில் இடமில்லை. இரண்டையும் தாங்கி வாழ்ந்தார்களே, அது வீரமில்லையா?

அதே ரயில் பெட்டியில் ஆஷின் மனைவியும் இருந்தார். ஒரே காலையில் இரண்டு பெண்கள் கணவரை இழந்தார்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அழுவது வீடுதான்.

இந்தப் பக்கம் கடையம். பாரதியாரின் மனைவி செல்லம்மாள் ஊர். புதுச்சேரியில் பாரதி குருவிகளுக்கு அரிசியை வாரி இறைத்தார் என்றால் கைதட்டுகிறோம். அந்த அரிசியைக் கடன் கேட்டு அடுத்த வீட்டுப் படியேறியது யார்? 1921-இல் பாரதி மறைந்தார். கையில் காசில்லாத அந்த அம்மா, மறு ஆண்டே பாரதி ஆசிரமம் என்று தொடங்கி அவர் பாடல்களை அச்சேற்றினார். இன்று நம்ம பிள்ளைகள் மேடையில் முழங்குகிற பாட்டில் அந்த அம்மாவின் உழைப்பும் இருக்கிறது. (கைதட்டல்)

பழைய கதை என்று தள்ளாதீர்கள். 2014-இல் காஷ்மீரில் மேஜர் முகுந்த் வரதராஜன் வீரமரணம் அடைந்தார். 2015 குடியரசு தினத்தில் அவருடைய அசோக சக்ரா விருதை மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் தலைநிமிர்ந்து பெற்றுக்கொண்டார். நாடே பார்த்தது. வீடு திரும்பிய பிறகு அவர் வாழ்ந்த நாள்களை யார் பார்த்தார்கள்?

நம்ம பக்கத்திலும் பட்டாளத்துக்கு ஆளனுப்பிய வீடுகள் உண்டு. நடுராத்திரி போன் மணி அடித்தால் அதை எடுக்கிற கை எப்படி நடுங்கும்! சிலை வைக்கச் சொல்லவில்லை ஐயா. அந்த வாசலைக் கடக்கும்போது, "அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்பதோடு, "நீ எப்படிம்மா இருக்கே?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.