தேய்மானத்தின் குரல்

மதவாச்சியிலிருந்து மேற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை, முருங்கனையும் உயிலங்குளத்தையும் கடந்து தள்ளாடியை அடையும்போது, நிலம் முடிந்து நீர் தொடங்குகிறது. அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரம், ஆழமற்ற கடலின் நடுவே, ஒரு தாம்போதி மன்னார்த் தீவை நோக்கிச் செல்கிறது. இரு மருங்கும் உப்பு நீர்; இடையறாது வீசும் காற்று. தாம்போதியைக் கடந்து தீவினுள் புகுந்தால், வீதியின் நடுவே கூட்டமாக நிற்கும் கழுதைகளைக் காணலாம். முற்காலத்தில் அரபு வணிகர் கொண்டுவந்த பொதி விலங்குகளின் வழித்தோன்றல்கள் இவை என்பது ஊரிலே வழங்கும் செய்தி. ஊதுகுழல் ஒலிக்கு அவை அசைவதில்லை. இரவு வேளையில் வீதியின் நிறத்தோடு நிறமாக அவை நின்றுவிட்டால், வண்டியோட்டிக்குத் துணையாவது ஒன்றே ஒன்று. அது காலடியிலுள்ள பிறேக்.

மலைநாட்டு வீதிகளைப் போல மன்னாரில் ஏற்ற இறக்கங்கள் இல்லை. ஆதலால் இங்கே பிறேக்குக்கு வேலை குறைவு என்று எண்ணத் தோன்றும். ஆனால் சமதரை வேகத்தை வளர்க்கும் தரை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரை நிறுத்துவதிலும், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரை நிறுத்துவதற்கு நான்கு மடங்கு ஆற்றலைப் பிறேக் வெப்பமாக மாற்றவேண்டியுள்ளது. வேகம் இரட்டிக்கச் சுமை நான்காகிறது. போரின் நடுவே 1990இல் தகர்க்கப்பட்ட மன்னார்ப் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலமும் தாம்போதியும் 2010 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டன. வீதிகளும் செப்பனிடப்பட்டன. குண்டும் குழியுமான பாதையில் ஊர்ந்து சென்ற வண்டிகள், இன்று வழுவழுப்பான பாதையில் விரைகின்றன. பிறேக்கின் பொறுப்பும் அந்த அளவுக்குப் பெருகியுள்ளது.

பிறேக் என்பது சந்தனக் கட்டையைப் போன்றது, தேய்ந்துதான் பயன்தரும். சுழலும் உலோகத்தின் மீது உராய்வுப் பொருளொன்றை அழுத்தி வேகத்தைத் தணிப்பதே அதன் தொழில். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அப்பொருளில் ஓர் அணுவளவு குறைகிறது. சந்தனத்தின் தேய்வைக் கண் காணும். பிறேக்கின் தேய்வோ சில்லுக்குள்ளே மறைந்திருக்கிறது. மறைந்துள்ள இந்தத் தேய்வை வண்டியோட்டிக்கு எவ்வாறு அறிவிப்பது என்பது, மோட்டார் வண்டியின் வரலாற்றோடு வளர்ந்து வந்த ஒரு சிக்கல்.

மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் இச்சிக்கல் எழவில்லை. இறக்கத்திலே சில்லின் விளிம்பில் மரக்கட்டையை அழுத்துவார்கள். கட்டை தேய்ந்ததை யாவரும் பார்க்கலாம். இங்கிலாந்தின் டாபிசயர் மலைப்பகுதியில், வண்டிக்காரர் அந்தக் கட்டையில் பழைய சப்பாத்துத் தோலை ஆணியடித்துப் பொருத்தியதைக் கண்டு, ஹேர்பேட் புரூட் என்பவர் அதைவிடச் சிறந்த உராய்வுப் பொருளைத் தேடத் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. 1897இல் அவர் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்ததே பெரோடோ என்னும் பெயர்பெற்ற பிறேக் லைனிங்.

1902ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் முக்கியமானது. அவ்வாண்டில் பிரான்சில் லூயி ரெனோ, சில்லோடு சுழலும் ட்ரம்மின் உட்புறத்தை இரு வளைந்த பிறேக் ஷூக்கள் அழுத்தும் முறையை உருவாக்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிரெட்ரிக் லாஞ்செஸ்டர், சுழலும் தட்டு ஒன்றை இருபுறமும் பற்றிப் பிடிக்கும் டிஸ்க் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகம் உலோகத்தோடு உரசியதால் லாஞ்செஸ்டரின் பிறேக் காதைத் துளைக்கும் ஓசையை எழுப்பியது. அரை நூற்றாண்டுக் காலம் ட்ரம் பிறேக்கே உலகெங்கும் ஆட்சி செய்தது.

ட்ரம் பிறேக்கில் லைனிங் முற்றிலும் மூடப்பட்டிருந்தது. ஆயினும் அதன் தேய்வை உணர்த்தும் இரண்டு அடையாளங்கள் இருந்தன. லைனிங் தேயத் தேய, மிதிகட்டை வழக்கத்திலும் ஆழமாக இறங்கும். வண்டியோட்டியின் கால் அதை உணரும். கராசுக்குச் சென்று திருகாணியைத் திருகி இடைவெளியைச் சரிசெய்வார். அதையும் பொருட்படுத்தாது விட்டால், லைனிங்கைப் பிணைத்துள்ள ஆணித் தலைகள் வெளியே வந்து ட்ரம்மைக் கீறும். அந்தக் கீச்சொலி தெருமுனை வரை கேட்கும். எவரும் திட்டமிட்டு அமைக்காத போதிலும், தேய்வை அறிவித்த முதற் கருவிகள் இவையே.

1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் முதலான சிறு கார்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. நான்கு சில்லுகளிலும் ட்ரம் பிறேக் பொருத்தப்பட்ட அக்கார்கள், இலங்கையின் வீதிகளிலே பல தலைமுறைகளாக ஓடின. 1990களில் வடபுலத்துக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடியதை அக்காலத்து மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எதுவும் இருக்கவில்லை. ஓட்டுபவரின் காதும் காலுமே அதன் வேலையைச் செய்தன.

இதற்கிடையில் டிஸ்க் பிறேக் மறுபிறவி எடுத்தது. 1953இல் பிரான்சின் லெ மான் ஓட்டப் பந்தயத்தில், டன்லொப் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்றது. 1955இல் சிற்றொயென் நிறுவனம் தன் புதிய காரின் முன்சில்லுகளில் அதைப் பொருத்திப் பெருந்தொகையில் விற்பனைக்கு விட்டது. 1961இல் மினி கூப்பர் என்னும் சின்னஞ்சிறு காருக்கும் அது வந்து சேர்ந்தது. வெப்பம் விரைவில் ஆறுவதும், நீரில் நனைந்தாலும் விரைவில் உலர்ந்து பிடிப்பதும் அதன் சிறப்புகள்.

ஆனால் இந்தச் சிறப்போடு ஒரு குறையும் புகுந்தது. டிஸ்க் பிறேக்கில், பாட் தேயுமளவுக்கு அதைத் தள்ளும் பிஸ்டன் தானாகவே முன்னே நகர்ந்து நிற்கும். ஆகவே, பாட் புதிதாயினும் தேய்ந்ததாயினும் மிதிகட்டை ஒரே உயரத்தில் நிற்கிறது. பழைய வண்டியில் காலுக்குக் கிடைத்த செய்தி இப்போது கிடைப்பதில்லை. வசதி வளர வளர எச்சரிக்கை மங்கிற்று. இழந்த அந்தச் செய்தியை மீட்பதற்காகவே தேய்மானம் அறிவிக்கும் கருவிகள் தோன்றின.

சிறு கார்களில் அவை மூன்று வகையாகக் காணப்படுகின்றன. முதலாவது, பாட்டின் முதுகிலே பொருத்தப்பட்ட உருக்கு நாக்கு. புதிய பாட்டின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிப்புடையது. அது இரண்டு மூன்று மில்லிமீட்டராகக் குறையும்போது, இந்த நாக்கு சுழலும் தட்டைத் தொட்டுக் கீச்சிடும். ஆணித் தலைகள் தற்செயலாக எழுப்பிய ஓசையை, தட்டுக்குச் சேதமின்றி வேண்டுமென்றே எழுப்பச் செய்ததே இந்த அமைப்பு. யப்பானியச் சிறு கார்கள் பலவற்றில் இருப்பது இதுவே.

இரண்டாவது, பிறேக் ஒயில் கிண்ணத்தில் மிதக்கும் மிதவை. பாட் தேயும்போது பிஸ்டன் விட்டுச் செல்லும் இடத்தை ஒயில் நிரப்புகிறது. கிண்ணத்திலே மட்டம் தாழ்கிறது. மிதவை இறங்கிச் சிவப்பு விளக்கை ஏற்றுகிறது. ஒயில் கசிந்தாலும் இதே விளக்கே எரியும். காரணத்தை ஆராயாமல் ஒயிலை ஊற்றி மட்டத்தை உயர்த்திவிட்டால் விளக்கு அணைந்துவிடும். பாட் தேய்ந்தபடியே இருக்கும்.

மூன்றாவது, பாட்டின் உள்ளே புதைத்த மின்கம்பி. இதிலும் இரு முறைகள் உள. ஒரு முறையில், பாட் தேய்ந்ததும் கம்பியின் முனை தட்டைத் தொடும். அந்தத் தொடுகையால் மின்சுற்று பூர்த்தியாகி விளக்கு எரியும். மற்ற முறையில், கம்பி ஒரு வளையமாக இருந்து, அதனூடே மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பாட் தேய்ந்ததும் தட்டு அந்த வளையத்தை அறுக்கும். அறுந்ததும் விளக்கு எரியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், அவற்றிடையே உள்ள வேற்றுமை பெரிது. அதனை விளக்க மன்னாரின் புகையிரதமே நல்ல உதாரணம்.

1889 ஜூன் 12ஆம் திகதி, அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகில், ஞாயிறு பள்ளிச் சிறுவர் சென்ற புகையிரதம் ஏற்றமொன்றில் நின்றுபோயிற்று. அதனை இரண்டாகப் பிரித்தபோது, பின்பகுதிப் பெட்டிகளில் பிறேக் செயலற்றது. அவை பின்னோக்கி உருண்டு, வந்துகொண்டிருந்த மற்றொரு புகையிரதத்தோடு மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். வெற்றிடம் இருந்தால் மட்டுமே பிடிக்கும் பிறேக் அது. இணைப்பு அறுந்ததும் பிடியும் போயிற்று. அவ்வாண்டிலேயே பிரித்தானிய நாடாளுமன்றம், இணைப்பு அறுந்தால் தானாகவே பிடிக்கும் பிறேக்கைப் பயணிகள் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. இந்த முறையில் குழாயிலுள்ள வெற்றிடம் பிறேக்கை விலக்கி வைத்திருக்கும். குழாய் உடைந்தால் காற்று உட்புகுந்து பிறேக் இறுகும். 1914இல் தலைமன்னார் இறங்குதுறைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்குக் கப்பல் ஏறும் பயணிகள் வரத் தொடங்கினர். அவர்களைச் சுமந்து வந்த இலங்கைப் புகையிரதங்கள் கைக்கொண்டதும் இந்த வெற்றிடப் பிறேக்கே. பழுது நேர்ந்தால் அந்தப் பழுதே வண்டியை நிறுத்தவேண்டும் என்பது அதன் தத்துவம்.

மின்கம்பியின் இரு முறைகளையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். தொடுகையால் எரியும் கம்பி, துருப்பிடித்து இடையிலே அறுந்துபோனால், பாட் முழுவதும் தேய்ந்தாலும் விளக்கு எரியாது. அறுந்தால் எரியும் வளையமோ, துருப்பிடித்து அறுந்தாலும் விளக்கை ஏற்றிவிடும். முன்னையது பழுதை மறைக்கிறது. பின்னையது பழுதையும் அறிவிக்கிறது. வீணான எச்சரிக்கை பணச் செலவோடு போகும். வராத எச்சரிக்கை உயிரைக் கேட்கும்.

மன்னாரைப் போன்ற கரையோரத்தில் இது ஏட்டுப் பேச்சன்று. கடற்காற்றிலுள்ள உப்பு, மின்கம்பியின் இணைப்புகளை அரிக்கிறது. அதற்கும் மேலாக, பாட்டை ஏந்தும் பகுதி வழுக்கி நகரும் ஊசிகளிலே துருவும் மணலும் சேர்ந்து அவற்றை இறுக்கிவிடுகின்றன. அப்போது தட்டின் இரு புறமுள்ள பாட்கள் சமமாகத் தேய்வதில்லை. ஒன்று தகடாக மெலிந்திருக்க மற்றது புதிதுபோல் இருக்கும். மின்கம்பி உள்ள கார்களிலும் அது எல்லாச் சில்லுகளிலும் இருப்பதில்லை. பல கார்களில் முன்சில்லு ஒன்றிலும் பின்சில்லு ஒன்றிலும் மாத்திரமே வைக்கப்படுகிறது. கம்பியில்லாத சில்லிலே பாட் அழிந்தால் விளக்கு என்ன செய்யும்? பின்சில்லுகளில் இன்றும் ட்ரம் பிறேக் உள்ள சிறு கார்களில், அந்த லைனிங்குக்குப் பெரும்பாலும் எந்த அறிவிப்பும் கிடையாது.

கருவியின் குறையோடு மனிதரின் குறையும் சேர்வதுண்டு. பாட்டை மாற்றும்போது புதிய கம்பியின் விலையை மிச்சம் பிடிக்க, வளையத்தின் இரு முனைகளையும் முறுக்கி இணைத்து விளக்கை அணைத்துவிடுவோர் உளர். அறுந்தால் எரியும் என்ற நல்ல தத்துவம் அந்தக் கணமே செத்துவிடுகிறது. வானொலியை உரத்து வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டும் இக்காலத்தில், உருக்கு நாக்கின் கீச்சொலியும் கேட்பாரற்றுப் போகிறது.

விளக்கு எரிந்தால் தேய்வு உண்டென்று கொள்ளலாம். எரியாவிட்டால் தேய்வில்லையென்று கொள்ளலாகாது. இது ஒன்றே நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த வரலாறு தரும் படிப்பினை. கருவி காதுக்குத் துணையாக வந்ததேயன்றி, அதற்கு ஓய்வு கொடுக்க வந்ததன்று. குறித்த கால இடைவெளியில் நான்கு சில்லுகளையும் கழற்றி, ஒவ்வொரு பாட்டையும் லைனிங்கையும் கண்ணாற் பார்த்து, இறுகிய ஊசிகளைத் துப்புரவு செய்து நெய்யிடுவது சிறு செலவு. வைகறை இருளில் பேசாலையிலிருந்து மீன் ஏற்றிவரும் வண்டிக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் காருக்கும் அந்தச் சிறு செலவே காப்பு. தாம்போதியின் இருபுறமும் தடுப்பது கடல்; வீதியின் நடுவே நிற்பது வாயில்லாப் பிராணி. இரண்டும் வண்டிக்கு விலகி வழிவிடப் போவதில்லை.