தகடு உண்டாக்கிய திரள்: டேடோனா, டாலடேகா தடங்களில் வேகக் கட்டுப்பாட்டின் வரலாறு

1988 பிப்ரவரி முதல் 2019 பிப்ரவரி வரை டேடோனா, டாலடேகா என்ற இரு பெரிய நீள்வட்டத் தடங்களில் நடந்த, அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயங்களில், ஓடிய எல்லாக் கார்களின் எஞ்சினிலும் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. கார்புரேட்டருக்கும் (2012 முதல் அதன் இடத்தைப் பிடித்த காற்றுவழிக்கும்) எஞ்சினுக்கும் இடையே அது அமர்ந்திருக்கும். அதில் நான்கு துளைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அங்குல அகலம். துளை சிறுத்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் எரிப்பு குறையும், எரிப்பு குறைந்தால் வேகமும் குறையும். பார்வையாளர்களின் உயிரைக் காக்க வந்த விதி இது. நாற்பது கார்கள் ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில் ஒரே திரளாக மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓடுவதை இந்தத் தடங்களின் பிறவிக்குணம் என்று இன்றைய ரசிகர்கள் எண்ணுகிறார்கள். அந்தத் திரளின் பெரும்பகுதியை உண்டாக்கியது அந்தத் தகடுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கக் காலத்தில் இந்தப் பந்தயங்களில் காற்றுக்குப் பெரிய பங்கில்லை. 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நடந்த முதல் ‘கண்டிப்பான ஸ்டாக்’ பந்தயத்தில் முதலில் வந்த க்ளென் டனவே, பின் ஸ்பிரிங்குகளில் மாற்றம் செய்திருந்ததால் தகுதி நீக்கப்பட்டார். வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. கடையில் வாங்கிய கார் கடையில் வாங்கியபடியே ஓட வேண்டும் என்பதில் அமைப்பு அவ்வளவு பிடிவாதமாக இருந்தது. மறு ஆண்டு தென் கரோலினாவின் டார்லிங்டனில் ஹரால்ட் பிரேசிங்டன் கட்டிய தார்த்தடத்தில் 500 மைல் பந்தயம் நடந்தது. 75 கார்கள் ஓடின. ஜானி மான்ட்ஸ் வென்றார். அவருடைய ப்ளிமத் வேகமான கார் அல்ல. மற்றவர்களின் டயர்கள் அடுத்தடுத்துக் கிழிந்துபோக, கடினமான டயர் போட்டிருந்த அவர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய சராசரி வேகம் மணிக்கு 75 மைல்தான். அந்த வேகத்தில் டயரும் பிரேக்கும் ஓட்டுநரின் பொறுமையுமே முடிவைத் தீர்மானித்தன.

1959இல் நிலைமை மாறியது. அதுவரை ஃப்ளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலிலும் அதையொட்டிய சாலையிலும் பந்தயம் நடத்திவந்த பில் ஃப்ரான்ஸ், ஊருக்குள் 2.5 மைல் நீளத் தடம் ஒன்றைக் கட்டினார். வளைவுகளின் சாய்வு 31 பாகை. அந்தச் சாய்வை எழுப்பத் தேவைப்பட்ட மண்ணைத் தடத்தின் நடுவிலேயே தோண்டியெடுத்தார்கள். தோண்டிய பள்ளம் இன்று லாய்ட் ஏரி. இவ்வளவு செங்குத்தான வளைவில் காரைத் தளமே உள்நோக்கித் தள்ளுவதால், ஓட்டுநர் பிரேக்கைத் தொடத் தேவையில்லாமல் போனது. சுற்று முழுவதும் முழு வேகத்தில் ஓடும் ஒரு காருக்கு எதிரே நிற்கும் பெரிய தடை காற்று ஒன்றுதான். முதல் டேடோனா 500 பந்தயத்திலேயே லீ பெட்டியும் ஜானி போச்சாம்பும் அருகருகே கோட்டைத் தாண்ட, புகைப்படங்களையும் செய்திப்படத்தையும் பார்த்து மூன்று நாள் கழித்தே பெட்டியை வெற்றியாளராக அறிவித்தார்கள்.

அந்தக் காற்றின் சூட்சுமத்தை முதலில் பந்தயத்துக்குப் பயன்படுத்தியவர் ஜூனியர் ஜான்சன். 1960இல் அவருக்குக் கிடைத்த செவ்ரலே, போன்டியாக் கார்களைவிட மிக மெதுவானது. பயிற்சியின்போது ஒரு போன்டியாக்கின் பின்புறத்தோடு ஒட்டி ஓடினால் தன் காரும் அதன் வேகத்துக்கே இழுபடுவதை அவர் கவனித்தார். பந்தயம் முழுக்க ஏதாவது ஒரு வேகமான காரின் காற்று மறைவிலேயே ஓடினார். முடிவு நெருங்கும்போது முன்னே ஓடிய பாபி ஜான்ஸின் பின்கண்ணாடி காற்றழுத்தத்தால் பிய்த்துக்கொண்டு போக, ஜான்ஸின் கார் சுழன்றது, ஜான்சன் வென்றார். அவர் அனுபவத்தில் கண்டதைப் பொறியியல் இப்படி விளக்குகிறது: பின்கார் முன்காரின் மறைவில் குறைந்த தடையைச் சந்திக்கிறது. அதோடு, முன்காரின் வால்புறத்தில் சுழலும் குறைந்த அழுத்தப் பகுதியையும் பின்கார் நிரப்பிவிடுகிறது. ஆகவே இருவருமே தனித்தனியாக ஓடுவதைவிட வேகமாகப் போகிறார்கள். திரள் என்ற நிகழ்வின் விதை இதுதான். ஆனால் விதை முளைக்க இன்னும் 28 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் கார் நிறுவனங்கள் எஞ்சின் பலத்தில் போட்டியிட்டன. 1969 செப்டம்பரில் அலபாமாவில் திறக்கப்பட்ட டாலடேகா 2.66 மைல் நீளம், 33 பாகைச் சாய்வு. அங்கே எட்டிய வேகத்தைத் தாங்காமல் டயர்கள் சில சுற்றுகளிலேயே கிழிந்தன. ரிச்சர்ட் பெட்டியின் தலைமையில் முன்னணி ஓட்டுநர்கள் வண்டிகளைக் கட்டிக்கொண்டு வெளியேற, மீதமிருந்தவர்களைக் கொண்டு நடந்த பந்தயத்தில் ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் வென்றார். இந்த வெளியேற்றத்தைத் தொழில் தகராறாக மட்டுமே குறிப்பிட்டுவிட்டு நகர்வது போதாது என்பது என் எண்ணம். தடம் அனுமதிக்கும் வேகம் காரும் மனிதரும் தாங்கும் வேகத்தைத் தாண்டிவிட்டது என்று ஓட்டுபவர்களே வெளிப்படையாகச் சொன்ன தருணம் அது. ஆறு மாதம் கழித்து, 1970 மார்ச் 24 அன்று, பின்புறம் உயரமான இறக்கை வைத்த டாட்ஜ் சார்ஜர் டேடோனாவில் பட்டி பேக்கர் அதே தடத்தில் மணிக்கு 200.447 மைலைத் தொட்டார். அந்த ஆகஸ்டிலேயே மிச்சிகன் தடத்தில் முதன்முறையாகத் தகடு வந்தது. ஆக, தகடு 1988இன் கண்டுபிடிப்பு அல்ல. 1974இல் எஞ்சின் கொள்ளளவை 358 கன அங்குலமாகக் குறைத்ததும் தகட்டைக் கைவிட்டார்கள். எஞ்சின் சிறியதாகிவிட்டால் வேகமும் அடங்கும் என்று நம்பினார்கள்.

அது அடங்கவில்லை. பத்தாண்டுகளில் சிறிய எஞ்சின்கள் பெரிய எஞ்சின்களின் வேகத்தை விழுங்கிவிட்டன. இந்தக் காலத்தின் பந்தய முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தகடு எதை மாற்றியது என்பதற்கான சான்று இங்கேதான் இருக்கிறது. முன்னணி மாற்றங்களுக்கு அப்போதும் குறைவில்லை. 1984 மே மாத டாலடேகா பந்தயத்தில் 75 முறை முன்னணி கைமாறியது. ஆனால் அதன் பொறிமுறை வேறு. காற்று மறைவில் ஓடும் பின்காருக்கு முழுச் சக்தியும் தேவைப்படாது. மிதியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். தக்க நேரத்தில் அந்த மிச்சத்தை அவிழ்த்து, கவண் கல்லைப் போல வெளியே பாய்ந்து முன்காரைத் தாண்டலாம். 1979 டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் கேல் யார்பரோ டானி அலிசனைத் தாண்ட முயன்றது இப்படித்தான். இருவரும் மோதி விலக, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். முதல் கொடி முதல் கடைசிக் கொடி வரை தேசியத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்த முதல் 500 மைல் பந்தயம் அது.

இதைவிட முக்கியமான சான்று 1985 மே 5ஆம் நாள் டாலடேகா பந்தயம். எண்ணெய்க் குழாய் இணைப்பு உடைந்து பில் எலியட் தடத்தோரப் பழுதுநீக்குமிடமான பிட்டில் நின்றார். கிளம்பும்போது ஏறத்தாழ இரண்டு சுற்று, அதாவது ஐந்து மைலையொட்டிப் பின்தங்கியிருந்தார். கார்களை மெதுவாக்கி ஒன்றுசேர்க்கும் மஞ்சள் கொடியின் உதவி ஒருமுறைகூட இல்லாமல், தன் ஃபோர்டின் வேகத்தால் மட்டுமே அந்தத் தூரத்தை மீட்டு வென்றார். பந்தயத்தின் சராசரி மணிக்கு 186 மைல். நல்ல எஞ்சினும் நல்ல ஓட்டுநரும் கூட்டத்தைவிட்டுத் தனியே விலகிப்போக அன்று தடம் இடம் கொடுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1987 ஏப்ரல் 30 அன்று அதே எலியட் அதே தடத்தில் மணிக்கு 212.809 மைல் (342.5 கிலோமீட்டர்) வேகத்தில் தகுதிச் சுற்றை ஓடினார். நாஸ்காரின் தகுதிச் சுற்றுச் சாதனையாக அது இன்றும் நிற்கிறது. மூன்று நாள் கழித்து நடந்த பந்தயத்தின் 22ஆவது சுற்றில் பாபி அலிசனின் எஞ்சின் உடைந்து, சிதறிய துண்டு பின் டயரைக் கிழித்தது. கார் பின்புறமாகத் திரும்பியது. முன்னோக்கிப் போகும்போது தரையோடு அழுத்திவைக்கப்படும் கார், அந்த வேகத்தில் பின்னோக்கித் திரும்பினால் மேலெழும். ஏறத்தாழ 1,600 கிலோ எடையுள்ள வண்டி பறந்து, பார்வையாளர் மேடைக்கு முன்னிருந்த கம்பி வேலியைப் பல மீட்டர் நீளத்துக்குக் கிழித்துவிட்டுத் தடத்துக்கே திரும்பி விழுந்தது. பார்வையாளர்கள் சிலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. வேலியைச் சரிசெய்ய இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனதால் பந்தயத்தை 178 சுற்றோடு முடித்தார்கள். முன்னே ஓடிக்கொண்டிருந்த மகன் டேவி அலிசன், தந்தை நலமென்று தெரிந்தபின் ஓடி, அன்று தன் முதல் வெற்றியைப் பெற்றார்.

கார் இன்னும் சற்று உயரமாகப் பறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நாஸ்கார் உணர்ந்தது. அந்தக் கோடையில் சிறிய கார்புரேட்டர்; 1988 தொடக்கத்திலிருந்து தகடு. அவ்வாண்டு டேடோனாவில் முதலிடத்துக்கான தகுதி வேகம் முந்தைய ஆண்டின் 210.364 மைலிலிருந்து 193.823 மைலுக்கு இறங்கியது. அந்தப் பந்தயத்திலேயே ரிச்சர்ட் பெட்டியின் கார் வேலியோரம் மீண்டும் மீண்டும் உருண்டு சிதறியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காரைத் தரையோடு பிடித்துவைக்கும் தீர்வு 1994இல்தான் வந்தது. கார் திரும்பியதும் தானே நிமிர்ந்து காற்றோட்டத்தைக் குலைக்கும் கூரை மடல்கள் அவை.

தகடு வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. காற்றுத்தடையை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், சக்தியைப் பாதியாக்கினாலும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். மற்றத் தடங்களில் 800 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சின்கள் இங்கே 450ஐ ஒட்டி நின்ற பிற்காலத்திலும் கார்கள் மணிக்கு 190 மைலில் ஓடியதன் காரணம் இதுதான். வேகம் பெரிதாகக் குறையவில்லை. கார்களுக்கிடையே இருந்த வேறுபாடு அழிந்தது. நல்ல எஞ்சினும் சுமாரான எஞ்சினும் ஒரே துளை வழியாக மூச்சுவிட்டன. எல்லோரும் எப்போதும் மிதியை முழுக்க அழுத்தியே ஓடினார்கள். மிச்சம் என்று எதுவும் இல்லை. பின்னாலிருப்பவர் வெளியே வந்தால், தன்னைத் தள்ள இன்னொருவர் கூடவே வராவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். கூட்டத்தைவிட்டு முன்னே போகவும் முடியாது, பிரிந்து தனியே ஓடவும் முடியாது. எலியட்டின் 1985 வெற்றி போன்றதொன்று இனி கணக்குப்படியே இயலாததாயிற்று.

இந்த முறையை வெளிப்படையாக வெறுத்த டேல் ஏர்ன்ஹார்ட்தான் அதில் மிகத் தேர்ந்தவராகவும் இருந்தார். 2000 அக்டோபரில் டாலடேகாவில் சில சுற்றுகளே மீதமிருக்க 18ஆவது இடத்திலிருந்து, கென்னி வாலஸ் பின்னாலிருந்து தள்ள, முதலிடத்துக்கு வந்தார். அது அவருடைய 76ஆவது வெற்றி. கடைசி வெற்றியும் அதுதான். நான்கு மாதம் கழித்து, 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 கடைசிச் சுற்றின் நான்காம் வளைவில் சுவரில் மோதி உயிரிழந்தார். அவருடைய மரணத்துக்குத் தகட்டை மட்டும் காரணமாக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு ஓட்டுநர்கள் ஆடம் பெட்டியும் கென்னி இர்வினும் இறந்தது தகடு இல்லாத வேறொரு தடத்தில். ஆனால் ஏர்ன்ஹார்ட்டின் மரணத்துக்குப் பிறகு வந்த கட்டாயங்களே திரளோட்டத்தை இன்றுவரை தாங்கி நிற்கின்றன என்பது என் துணிபு. மோதலில் தலை முன்னோக்கி வீசப்படாமல் தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் கருவியைப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட் 1980களிலேயே உருவாக்கியிருந்தார். தலையைக் கட்டுப்படுத்தும் கருவி நாஸ்காரில் கட்டாயமானது 2001 அக்டோபரில்தான். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் குழு வடிவமைத்த, எஃகும் நுரைக்கட்டிகளும் சேர்ந்து மோதலின் ஆற்றலை உள்வாங்கும் சுவர் 2002இல் இண்டியானபோலிஸில் முதலில் நிறுவப்பட்டு மற்றத் தடங்களுக்குப் பரவியது. 2001க்குப் பிறகு நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களின் பந்தயங்களில் எந்த ஓட்டுநரும் உயிரிழக்கவில்லை. இதைச் சாதித்தவை கருவியும் இருக்கையும் சுவரும். வேகத்தைக் குறைக்க வந்த தகட்டின் பங்கு இதில் சிறியது.

விபத்துகள் நிற்கவுமில்லை. 2003 ஏப்ரலில் டாலடேகாவின் நான்காம் சுற்றிலேயே 27 கார்கள் ஒரே மோதலில் சிக்கின. 2009 ஏப்ரல் 26 அன்று அதே தடத்தில், கடைசிச் சுற்றில் பிராட் கெசலோவ்ஸ்கியின் காரோடு மோதிய கார்ல் எட்வர்ட்ஸின் கார் பறந்து வேலியில் அடித்தது, பார்வையாளர்கள் காயமடைந்தார்கள். எதைத் தடுக்கத் தகடு வந்ததோ, 22 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில் அதுவே மீண்டும் நடந்தது. 2020 டேடோனா 500 முடிவுக்கோட்டருகே ரயன் நியூமனின் கார் உருண்டு, ஓட்டுநர் பக்கக் கதவில் இன்னொரு கார் இடித்தது. அரங்கமே அவர் இறந்துவிட்டாரென்று அஞ்சியது. இரண்டு நாளில் தன் மகள்களின் கைகளைப் பிடித்தபடி மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார்.

2019 டேடோனா 500 பந்தயத்தோடு தகட்டை எடுத்துவிட்டு, குறுகிச் செல்லும் துளைகளைக் கொண்ட வேறொரு தடுப்புக் கட்டையை வைத்தார்கள். பெயர் மாறியது, காற்றை மட்டுப்படுத்தும் கொள்கை மாறவில்லை. அதைவிடக் கருதத்தக்க மாற்றம் அட்லாண்டாவில் நடந்தது. 1.54 மைல் நீளமுள்ள அந்தத் தடத்தின் சாய்வை 28 பாகையாக உயர்த்தி, 2022 முதல் அங்கும் சக்தியைக் குறைத்துத் திரளோட்டத்தை வேண்டுமென்றே உருவாக்கினார்கள். அங்கே வேலியைத் தாண்டும் வேக அச்சம் எதுவும் இருந்ததில்லை. 1988இல் தவிர்க்க முடியாத மருந்தாக வந்தது, 2022இல் காட்சிக்காகத் தேர்ந்தெடுத்த வடிவமாயிற்று. 2024 பிப்ரவரியில் டேனியல் சுவாரெஸ் அங்கே மூன்று கார்கள் அருகருகே வர 0.003 விநாடி வித்தியாசத்தில் வென்றபோது, அந்தத் தேர்வுக்கு ரசிகர்களின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது.

இன்றைய திரள் வேறொரு பக்கம் திரும்பியிருக்கிறது. தனியே முன்னேற வழியில்லாததால், பிட்டில் எரிபொருள் நிரப்பும் நேரத்தைச் சுருக்குவதே இடம் பிடிக்கும் வழி. ஆகவே பந்தயத்தின் நடுப்பகுதியில் திரள் முழுவதும் பாதி மிதியில் ஓடி எரிபொருளைச் சேமிக்கிறது. கடைசிச் சுற்றுகளில்தான் எல்லோரும் முழு வேகத்துக்கு வந்து தள்ளத் தொடங்குகிறார்கள். 2024 அக்டோபர் 6 அன்று டாலடேகாவில் ஐந்து சுற்று மீதமிருக்க, முன்னணியிலிருந்த ஆஸ்டின் சிண்ட்ரிக்கின் கார் பின்னாலிருந்து வந்த தள்ளலில் சுழன்றது. 28 கார்கள் சிக்கின. அன்று அந்தக் கார்கள் ஒவ்வொன்றுக்கும் விதி அனுமதித்த சக்தி 510 குதிரைத்திறன். திரளோட்டம் இல்லாத மற்ற நீள்வட்டத் தடங்களில் அதே எஞ்சினுக்கு அப்போது இருந்த அனுமதி 670.