சுப்பர்மெசிவ்: பெரிய ஓட்டையா, பெரிய திணிவா?

"சேர், சுப்பர்மெசிவ் கருந்துளை எண்டா பெரிய ஓட்டையா?" என்று பிள்ளைகள் கேட்பது வழமை. பத்திரிகைகளும் "இராட்சதக் கருந்துளை" என்று எழுதி அந்த எண்ணத்தை வளர்த்துவிட்டன. ஆனால் இந்தச் சொல்லில் வரும் 'மெசிவ்' பருமனைக் குறிக்கவில்லை, திணிவைக் குறிக்கிறது. (தமிழ்நாட்டு நூல்களில் இதனை நிறை என்பார்கள். நமக்கு நிறை என்றால் வேறு. யூடியூப் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் கவனம்!)

இந்த அடைமொழி கருந்துளைக்கு வருவதற்கு முன்பே நட்சத்திரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் என்பவர் 3சி 273 என்ற பொருளின் ஒளியை ஆராய்ந்தார். பார்வைக்கு அது சாதாரண நட்சத்திரம் போல ஒரு புள்ளி. ஆனால் இருப்பதோ 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். அவ்வளவு தூரத்திலிருந்து தெரிய வேண்டுமென்றால் எத்தனை சக்தி வேண்டும்? இத்தகைய சக்திக்குக் காரணமாக, சூரியனைப் போல் 10 கோடி மடங்கு வரை திணிவுள்ள நட்சத்திரங்கள் இருக்கலாம் என்று ஹொயிலும் ஃபவுலரும் அதே ஆண்டில் கருத்துச் சொன்னார்கள்.

அந்த நட்சத்திரங்கள் நிலைக்கவில்லை. 1964இல் சந்திரசேகர், லாகூரில் பிறந்த அதே தமிழர்தான், ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இப்படியான வாயுக்கோளங்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே உறுதி இழந்து உள்நோக்கிச் சரிந்துவிடும் என்று தெரிந்தது. அதே ஆண்டில் சால்பீட்டரும் செல்டோவிச்சும், சரிந்துபோன பெருந்திணிவொன்றினுள் வாயு விழும்போது சக்தி வெளிவரலாம் என்றார்கள். விண்மீன் மண்டலங்களின் நடுவிலேயே இவை இருக்கலாம் என்று லிண்டன்-பெல் 1969இல் எழுதினார். நட்சத்திரம் போய்விட்டது, அடைமொழி மட்டும் கருந்துளையிடம் வந்து சேர்ந்தது.

இன்று, இலட்சக்கணக்கான சூரியத் திணிவுக்கு மேற்பட்டவற்றுக்கே பொதுவாக இந்தச் சொல்லைப் பாவிக்கிறார்கள். நமது பால்வீதியின் நடுவில் இருப்பது சுமார் 40 இலட்சம் சூரியன்கள். 2019 ஏப்ரலில் படம் வெளியான எம்87 கருந்துளை சுமார் 650 கோடி.

இனித்தான் வேடிக்கை. அந்த எம்87 கருந்துளையின் திணிவை அதன் எல்லைக்குள் அடங்கும் கனவளவால் பிரித்துப் பாருங்கள். கிடைக்கும் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றை விடவும் குறைவு! ஆகவே "சுப்பர்மெசிவ்" என்பதை "மிக அடர்த்தியான" என்று மொழிபெயர்த்தால் அதுவும் பிழைதான். வகுப்பில் நான் "மீத்திணிவுக் கருந்துளை" என்று சொல்லி வருகிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள்.